பேசும்போது எத்தனை வோல்ட்?

மைக்கைக் கையில் எடுத்த உடனே பேசிவிடுகிற ஆள் இல்லை அவர். இடது கையில் மீட்டர், வலது கையில் மைக். பித்தானை அழுத்திக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பார். கண் முழுக்க மீட்டரின் எண்களில் இருக்கும். பித்தானை விடுவார், ஒயர் முனையில் எதையோ திருகுவார், மறுபடி அழுத்துவார். எண் விழாமல் நின்றால்தான் குரல் வெளியே வரும். பக்கத்தில் நிற்பவருக்கு எரிச்சல் மண்டும். எனக்கும் மண்டியிருக்கிறது.

"சும்மா இருக்கும்போது எந்த பேட்டரியும் பன்னண்டரை காட்டும் தம்பி. பேசும்போது எத்தினி நிக்குதுன்னுதான் பாக்கணும்" என்பார்.

பிள்ளையார்பாளையத்தில் நான் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். தாலுகா அலுவலகத்தில் உதவியாளர் வேலை. எதிர் வீடு அவருடையது. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்ததால் தெருவுக்கே அவர் 'லேப் அக்கா'. கணவர் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். விரல் நகங்களில் எப்போதும் அரக்குச் சிவப்போ மயில் பச்சையோ ஏறியிருக்கும். "எங்க வூட்ல என்னவுட ரேடியோவுக்குத்தான் மரியாத ஜாஸ்தி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு சைக்கிளில் போவார்.

அந்த ரேடியோ பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. தேர்வு எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, தன் செட்டிலிருந்து ஊர் ஊராக, நாடு நாடாகப் பேசுகிற ஹாம் ரேடியோ. மொட்டை மாடியில் இரண்டு குழாய்களுக்கு நடுவே தெருவை ஒட்டி ஒரு கம்பி ஓடும். அதுதான் ஏரியல். வீட்டிலிருந்த பெரிய செட்டில் வோல்ட்டேஜ் பார்க்க, வெறுமே பித்தானை அழுத்தினால் போதாது, குரலும் கொடுக்க வேண்டும். அதனால் பள்ளிவிட்டு வந்ததும் அவர் வீட்டிலிருந்து பல் டாக்டரிடம் வாயைத் திறந்தது போல நீளமாக ஒரு "ஆ…" வரும். சுற்றிலும் பத்துத் தறிகளின் சத்தம். அதற்கு நடுவிலும் அந்த "ஆ" தனியாகக் கேட்கும். அது நின்று, ஆங்கிலத்தில் பேச்சு தொடங்கினால் எண் சரியாக நின்றுவிட்டது என்று அர்த்தம்.

நான் குடிவந்த முதல் வாரமே என் அறைக்குள் மீட்டரோடு வந்துவிட்டார். "உங்க ரூம்ல ஃபேன் போட்டா லைட்டு மங்குது. தெருவுல இருந்து பாத்தாலே தெரியுது" என்றார். எதிர் வீட்டிலிருந்து என் அறையைக் கவனிக்கிறாரே என்று எனக்குக் கோபம். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, உள்ளே கருகிப்போயிருந்த ஒரு ஒயரைக் காட்டினார். "இன்னும் ஒரு வெயில் காலம் தாங்காது. வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க." சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவருடைய அக்கறையும் அதிகாரமும் ஒரே குரலில்தான் வரும். எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அவரைப் பற்றி எனக்குள் ஒரு மரியாதை வந்தது முனுசாமி விவகாரத்தில்.

முனுசாமி அடுத்த வீட்டு நெசவாளி. அந்த வருடம்தான் தறியில் கம்ப்யூட்டர் ஜக்கார்டு வைத்திருந்தார். எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்பதை ஒரு பெட்டி தீர்மானிக்கும். கையால் நெய்வதுதான், ஆனால் பூவும் பறவையும் அந்தப் பெட்டி சொல்கிறபடி விழும். ஒருநாள் மாலை அவர் லேப் அக்கா வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கையில் செல்போன். அதில் ஒரு முந்தானையின் படம். வரிசையாக அன்னப்பறவைகள், நடுவில் இரண்டுக்கு மட்டும் கழுத்து இல்லை.

"நீ ரேடியோவுல பேசுறப்பல்லாம் என் பொட்டி கிறுக்கு புடிச்சாப்புல ஆடுதுமா! கல்யாணப் பொடவ இது. யாருக்குப் பதில் சொல்றது நான்?"

தெரு கூடிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் 'உன் பெட்டி மட்டம், என் ரேடியோவைச் சொல்லாதே' என்றுதான் தொடங்கியிருப்பார்கள். அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். யாரோடு, எத்தனை மணிக்குப் பேசினார் என்று ஒவ்வொரு நாளும் எழுதிவைக்கிற நோட்டு.

"எத்தினி மணிக்கு கழுத்து போச்சு?"

"அஞ்சே காலு இருக்கும்."

நோட்டில் விரலை ஓட்டினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அஞ்சு பன்னண்டுல இருந்து அஞ்சு இருவது வரைக்கும் நான் பேசிக்கினு இருந்தேன். நான்தான் காரணம், முனுசாமி" என்றார்.

முனுசாமிக்கு அதற்கு மேல் கத்தத் தெரியவில்லை.

மறுநாள் லேப் அக்காவே காரணத்தைக் கண்டுபிடித்தார். செட்டுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியில் ஏதோ ஒன்று பழுதாகி, அவர் பேசப் பேச வோல்ட்டேஜ் பத்தரைக்கு விழுந்திருக்கிறது. பசியோடு பாடுகிறவன் குரல் பிசிறுகிற மாதிரி, செட்டின் குரலும் பிசிறியிருக்கிறது. தன் பாதையில் போக வேண்டிய அலை அக்கம்பக்கமெல்லாம் சிந்தியிருக்கிறது. அன்றைக்கு மட்டும் அவசரத்தில் "ஆ" சொல்லாமல் பேசியிருந்தார். யாரோ தூர தேசத்துக்காரர் கூப்பிட்டிருந்தார், கிடைக்காமல் போய்விடுவாரோ என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனுசாமி வீட்டுத் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, நெய்த பட்டை இழை இழையாகப் பின்னுக்குப் பிரிப்பதற்கு அவரும் கைகொடுத்தார். சரிகை அறுந்துவிடக் கூடாது. காலையில் உட்கார்ந்தவர்கள் மதியத்துக்கு மேல்தான் எழுந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் வீட்டிலிருந்து சத்தமே இல்லை. செட்டைச் சரிசெய்து, முனுசாமியின் பெட்டி ஒயர்களிலும் எதையோ மாட்டி, முனுசாமியைத் தறியில் உட்காரவைத்து, அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் மறுபடி பேசினார்.

இவ்வளவையும் பார்த்தவன் நான். இருந்தும் அந்த மழைக் காலத்தில் நான் செய்ததைச் செய்தேன்.

ஐந்து நாளாக விடாத மழை. கரண்ட் இல்லை. செல்போன் கோபுரங்கள் ஒன்றொன்றாக அவிந்துவிட்டன. எங்கள் அலுவலகத்தின் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஹாம் செட்டை வைத்து, கல்லூரி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். லேப் அக்காவுக்குத் தெரிந்தவர். வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஏரிகள். மேல் ஏரி நிரம்பி நின்றது. அதன் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும். கீழ் ஏரியின் கரை தாங்குமா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். மேல் ஏரியில் போலீஸ் ஒயர்லெஸ் வண்டி நின்றது. கீழ் ஏரிக்கு அனுப்ப அப்படி இன்னொரு வண்டி இல்லை. அதனால் லேப் அக்காவும் அவருடைய சின்ன செட்டும், கூட நானும்.

ஏற்பாடு இதுதான். நாங்கள் கரையைப் பார்த்துச் சொன்னதும் மேல் ஏரியில் அதன்படி செய்வார்கள். பகல் பன்னிரண்டு மணிவரை எங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் திறந்துவிடுவார்கள்.

அவருடைய சொந்த பேட்டரி இரண்டு நாளாக நிவாரண முகாமில் ஓடிக் களைத்துவிட்டது. சார்ஜ் ஏற்றக் கரண்ட் இல்லை. தாசில்தாரிடம் நேராகவே சொன்னார்.

"சார், ஜீப் பேட்டரியில போட்டுக்கறேன். ஆனா இன்ஜின் ஓடிக்கினே இருக்கணும். ஓடலன்னா கேக்க முடியும், பேச முடியாது."

"ஓடும்மா. புறப்படுங்க" என்றார் தாசில்தார்.

இன்ஜின் ஓடவில்லை. வழியில் தரைப்பாலத்தில் முட்டியளவு தண்ணீர். நடுவில் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து ஜீப் நின்றது. நாங்களும் ஊர்க்காரர்கள் நாலு பேருமாகத் தள்ளி, ஏரிக்கரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினோம். டிரைவர் பானெட்டைத் திறந்து தலையில் கைவைத்துக்கொண்டார். மணி பதினொன்று இருபது.

கரையைப் பார்த்தேன். உட்பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளிப்பக்கச் சரிவில் ஓரிடத்தில் மண் ஈரமாகி, சோறு வடித்த கஞ்சி போல் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே அறுபது வீடு கொண்ட காலனி. ஆட்கள் பாதிதான் வெளியேறியிருந்தார்கள். ஏரியைக் கவனிக்கும் பொறியாளர் மணல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஓடி வந்தார். சின்ன வயதுக்காரர், முழங்கால்வரை சேறு.

"மேல ஷட்டரத் திறக்கவே கூடாதுங்க! மேல் ஏரி சாயங்காலம்வரைக்கும் தாங்கும். தண்ணி வந்தா இது அரை மணி தாங்காது. சொல்லுங்க, உடனே சொல்லுங்க!"

லேப் அக்கா அதற்குள் செட்டை ஜீப் பேட்டரியோடு இணைத்து, மைக்கை அழுத்தி, மீட்டரைப் பார்த்திருந்தார். உதட்டைக் கடித்தார்.

"பத்தரைக்கு விழுது. அதுக்குக் கீழ போனா செட்டு தானா ஆஃப் ஆயிடுது. டெர்மினல்ல பச்சையா பூத்திருக்குது, சொரண்டிப் பாக்கறேன். ரெண்டு நிமிஷம்."

கத்தியை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குக் கீழே குனிந்தார். மைக் முன்சீட்டில் கிடந்தது. செட் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "கீழ் ஏரி, கீழ் ஏரி, என்ன நிலவரம்? மேல கேட்டுக்கினே இருக்காங்க" என்று கல்லூரி ஆசிரியரின் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல். இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறதே, நாம் சொல்வது மட்டும் எப்படிக் கேட்காமல் போகும் என்று எனக்குத் தோன்றியது. கேட்பதற்கு அரை ஆம்பியர் போதும், பேசுவதற்குப் பத்து வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்கு யார் சொன்னாலும் ஏறியிருக்காது. பொறியாளர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீங்க ஆபீஸ் ஆள்தானே சார்? நீங்க சொல்லுங்க சார்!"

மைக்கை எடுத்தேன். அழுத்தினேன்.

"மேல் ஏரி ஷட்டரைத் திறக்க வேண்டாம்!"

சொல்லி முடிப்பதற்குள் செட்டின் சின்ன விளக்கு அணைந்தது. பித்தானை விட்டதும் மறுபடி எரிந்தது. ஒரு விநாடி இரைச்சல். பிறகு அந்தத் தெளிவான குரல்.

"சரி, கீழ் ஏரி. மேல் ஏரி ஷட்டரைத் திறக்க. புரிஞ்சுது. திறக்கச் சொல்லிடறோம்."

லேப் அக்கா நிமிர்ந்தார். கையில் கத்தி. என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"வேண்டாம்ங்கிறது கடைசிலதான தம்பி வருது" என்றார். "கடைசிலதான வோல்ட்டேஜ் விழுது."

நான் மறுபடி மைக்கை அழுத்தினேன். விளக்கு அணைந்தது. அழுத்தினேன். அணைந்தது. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "இருக்கறதையும் தீத்துடாதீங்க."

கரை மேல் ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. பின்னால் டிரெய்லரில் காலனிப் பெண்கள், குழந்தைகள், மூட்டைகள், கோழிக் கூண்டுகள். லேப் அக்கா ஓடிப்போய் அதன் முன்னால் நின்றார். ஓட்டிவந்தவர் பிரேக்கை மிதித்துக் கத்தினார்.

"ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"வண்டி இன்ஜின் ஓடுது. எனக்கு அஞ்சு நிமிஷம் இந்த பேட்டரி வேணும்ணா. மேல தண்ணி தொறக்கப் போறாங்க. நிறுத்தணும்."

"இவங்கள ஸ்கூல்ல எறக்கிட்டு வர்றேன். என் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்கமா இதுல!"

"நீங்க வர்றதுக்குள்ள மேல தொறந்துடுவாங்க. அவங்கள எறங்கி நடக்கச் சொல்லுங்க. ஸ்கூல் அதோ தெரியுது. வண்டிய மட்டும் குடுங்க."

கசியும் கரைக்கு மேலே, கொட்டும் மழையில், குழந்தைகளை இறக்கி நடக்கச் சொல்கிறார். அந்த மனிதர் ஸ்டியரிங்கை விடவில்லை. அவர் மனைவிதான் முதலில் குதித்தாள். இடுப்பில் குழந்தை. "எறங்குங்கடி, நடக்கலாம். வாயப் பாத்துக்கினு நிக்காதீங்க" என்று மற்றவர்களை அதட்டினாள். டிரெய்லர் காலியாயிற்று.

அடுத்து நடந்ததை என்னால் நிமிடம் நிமிடமாகச் சொல்ல முடியும். லேப் அக்கா செட்டை ஜீப்பிலிருந்து கழற்றினார். ஜீப்பிலிருந்தே ஒயரை நீட்டி டிராக்டருக்குக் கொண்டுபோனால் என்ன என்று பொறியாளர் கேட்டார். "நீளமா ஒல்லியா ஒயர் போட்டா பாதி வோல்ட்டேஜ அதுவே குடிச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே, கைமுழம்கூட இல்லாத தடித்த ஒயர்களால் டிராக்டர் பேட்டரியில் நேராகக் கட்டினார். மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்து செட்டை மடியில் வைத்துக்கொண்டார். நான் குடை பிடித்தேன். டிரைவர் ஏரியல் கம்பத்தைத் தூக்கிப் பிடித்தார். லேப் அக்கா செட்டின் சக்தியைக் குறைத்தார்.

"கொறைக்கறீங்களே!" என்று பொறியாளர் அலறினார்.

"கத்தினாத்தான் மூச்சு வாங்கும். மெதுவா சொன்னா கடைசிவரைக்கும் போவும். உங்க சேதிய எனக்கு ஒரே வார்த்தையில குடுங்க. வேண்டாம், கூடாது, எதுவும் அதுல இருக்கக் கூடாது."

பொறியாளர் விழித்தார். "மூடி… மூடியே வைக்கணும்."

"மூடு. போதும்."

பித்தானை அழுத்தினார். பேசவில்லை. மீட்டரைப் பார்த்தார். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்று உதட்டசைவில் தெரிந்தது. பத்து வரை எண்ணினார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து இல்லை. எனக்குப் பின்னால் சரிவிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. மணல் மூட்டை அடுக்கியவர்கள் 'ஐயோ' என்றார்கள். அவர் தலையைத் திருப்பவில்லை.

"பதிமூணு புள்ளி ரெண்டு. நிக்குது" என்று சொல்லிவிட்டு, பித்தானை விட்டு, மறுபடி அழுத்திப் பேசினார்.

"கட்டுப்பாட்டு அறை, கீழ் ஏரி பேசறேன். மேல் ஏரி ஷட்டர், மூடு. மூடு. மூடு. எழுதுங்க. எழுதினதப் படிங்க."

இரைச்சல். பிறகு, "முன்னாடி திறக்கன்னு சொன்னீங்களே?"

"அது தப்பு. மூடுன்னு எழுதுங்க. எழுதினதப் படிங்க."

"மேல் ஏரி ஷட்டர், மூடு."

"சரி. இப்பவே சொல்லுங்க. அவங்க மூடினாங்கன்னு எனக்குத் திருப்பிச் சொல்லுங்க. நான் இங்கியே இருக்கறேன்."

என் வாட்சில் பதினொன்று நாற்பத்தாறு. இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு ஷட்டரில் ஒன்றை ஏற்கெனவே தூக்கியிருந்தார்கள். இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு ஷட்டரில் சில நிமிடம் ஓடிய தண்ணீர் முக்கால் மணி கழித்து எங்களிடம் வந்தது. அதற்குள் காலனியில் கடைசி ஆளும் வெளியேறிவிட்டார். பொறியாளர் கரையோரம் ஒரு குச்சியை நட்டிருந்தார். நாங்கள் எல்லாரும் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் நாலு விரல்கடை ஏறியது. கசிந்த இடத்தின் மூலை சரிந்தது. ஊரே மணல் மூட்டையோடு அங்கே பாய்ந்தது. உடைப்பு பெரிதாகாமல் பிடித்துவிட்டார்கள். ஆனால் அந்த மூலை வழியாக இறங்கிய தண்ணீர் நாலு வீட்டுச் சுவரைக் கொண்டுபோயிற்று. ஒரு கொட்டகையில் கட்டிப்போட்டிருந்த கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொள்ள முடியாமல் செத்துப்போயிற்று. டிராக்டரிலிருந்து முதலில் குதித்தாளே, அவளுடைய மாடு. சாயங்காலம் அவள் அந்தக் கொட்டகை வாசலில் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். லேப் அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அவர் செட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

பதினோரு நாள் கழித்து விசாரணை. எங்கள் அலுவலகக் கூடத்தில்தான். முதலில் 'திற' என்று செய்தி போனது எப்படி என்பதுதான் கேள்வி. விசாரிக்க வந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த முதல் மெசேஜ் கொடுத்தது யாரும்மா?"

லேப் அக்கா எழுந்து நின்றார். "ரேடியோ என்னுது சார். வோல்ட்டேஜ் பத்தாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மைக்க எட்டுற எடத்துல வச்சுட்டு நகந்தேன். அது என் தப்பு."

"நான் அதக் கேக்கல. முதல் குரல் ஆம்பளக் குரல்னு கட்டுப்பாட்டு அறையில சொல்றாங்க."

"லைசென்ஸ் என் பேர்ல இருக்குது சார். மைக் யார் கையில இருந்தாலும் பதில் நான்தான் சொல்லணும்."

பொய் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அதிகாரி அவருடைய உரிமத்தின் நகலைப் புரட்டிக்கொண்டிருந்தார். அது போய்விடலாம் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கூடத்தில் இருபது பேர் இருந்தோம். அந்தப் பதினோரு நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. பொறியாளர்தான் உலுக்கினார், இன்ஜின்தான் நின்றது, மழைதான் பெய்தது. எழுந்தபோது என் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான்தான் சார் பேசினேன். அவங்க சரிபண்ணிட்டுத்தான் பேசணும்னு வேலை பாத்துக்கினு இருந்தாங்க. நான் எடுத்துப் பேசிட்டேன்."

எனக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அவரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கூடம் கலைந்ததும் வாசலில் அவரிடம் போனேன். நன்றி என்று சொல்ல நினைத்தேன், அல்லது மன்னிப்பு. அவர் விடவில்லை.

"இத அன்னிக்கு ஏரிக்கரையிலயே, அந்தப் பொண்ணு மாட்டுப் பக்கத்துல ஒக்காந்துக்கினு அழுதுதே, அங்க வந்து சொல்லியிருக்கணும். பதினோரு நாளு எடுத்துக்கினீங்க. நான் சொல்லுவேனான்னு பாத்துக்கினு இருந்தீங்களா?"

ஆமாம். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் நான் தனியாக அந்த ஊருக்குப் போனேன். மாட்டுக்காரி வீட்டுச் சுவரைச் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் செய்தி என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாள். "சரி, போங்க" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டே லேப் அக்கா என்னோடு பல மாதம் பேசவில்லை. மாலையில் அந்த "ஆ" மட்டும் கேட்கும். அவர் கணவர்தான் தர்மசங்கடத்தோடு சிரித்துவிட்டுப் போவார். நான் வீடு மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுவருடம் மழை தொடங்கியதும் வெள்ளப் பணிக்கு ஆட்களைப் பிரித்தார்கள். கீழ் ஏரிக்கு லேப் அக்கா. கூடப் போக வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஏதோ தவறு என்று தாசில்தாரிடம் போனேன். அவர் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். பள்ளி நோட்டில் கிழித்த தாள், லேப் அக்காவின் நேர்கோட்டுக் கையெழுத்து. 'போன முறை வந்தவரையே அனுப்பவும். வேறு ஆள் வந்தால் நான் முதலிலிருந்து பயப்பட வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

"இன்னாய்யா அர்த்தம் இதுக்கு?" என்றார் தாசில்தார். எனக்கும் முழுதாகத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து லேப் அக்காவுக்குத் தெற்கே ஏதோ ஒரு ஊருக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறாரோ. ஆனால் கீழ் ஏரிக்குக் கிளம்ப வேண்டிய அந்தக் காலை, ஜீப் எங்கள் தெருவில் வந்து நின்றபோது அவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. நான் படியிறங்கி வந்து கதவருகில் நின்றேன். ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"சாப்ட்டீங்களா தம்பி?" என்றார். "திரும்பி வர சாயங்காலம் ஆயிடும். ஏறுங்க."